பள்ளி இருந்த பாறை

பள்ளி என்னும் சொல்லைக் கேட்டவுடன் உங்கள் மனக்கண்முன் தோன்றுவது யாது? கரும்பலகை, மணியோசை, வருகைப் பதிவேடு, ஒருகால் தலைமையாசிரியரின் முகம். இச்சொல்லை நாள்தோறும் நூறு முறையேனும் உச்சரித்துக் காலம் கழித்தவன் நான். ஆயினும், "ஐயா, படிக்கும் இடத்திற்கும் பெருமாள் படுக்கும் இடத்திற்கும் ஒரே பெயர் ஏன் வந்தது?" என்று ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு நாள் எழுந்து கேட்டபோது, "உட்கார், அம்மா, பிறகு சொல்லுகிறேன்" என்று அவளை அமர்த்திவிட்டேன். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எனக்குப் பெஸ்டலாஜியையும் ஃபுரோபலையும் கற்பித்தார்கள். பள்ளி என்னும் சொல் எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கற்பிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தப் 'பிறகு' வருவதற்குச் சில ஆண்டுகள் ஆயின. அதற்குள் அம்மாணவி கல்லூரிக்குச் சென்றுவிட்டாள். அவளுக்குச் சொல்லாமல் விட்ட விடையை இன்று உங்களுக்குச் சொல்லுகிறேன்.

பள்ளி என்பதன் பழம்பொருள்களுள் ஒன்று படுக்கை, உறங்கும் இடம். பள்ளியறை, பள்ளியெழுச்சி, பள்ளிகொண்ட பெருமாள் என்னும் வழக்குகளில் அப்பொருள் இன்றும் வாழ்கிறது. துறவிகள் தங்கிய இடத்திற்கும் அதுவே பெயராயிற்று. சமண முனிவரும் பௌத்தத் துறவியரும் உறைந்த இடங்களைப் பள்ளி என்றே நம் கல்வெட்டுகள் குறிக்கின்றன. அவற்றிற்கு விடப்பட்ட நிலம் பள்ளிச்சந்தம் எனப்பட்டது. அத்துறவியர் தம்மை நாடி வந்தோர்க்கு எழுத்தும் இலக்கணமும் அறமும் கற்பித்தமையால் கற்கும் இடமும் பள்ளியாயிற்று என்பது அறிஞர் பலர் கருத்து. பிற்காலத்தில் இசுலாமியர் தொழும் இடத்தையும் தமிழர் பள்ளிவாசல் என்றே அழைத்தனர். ஒரே சொல் எத்தனை சமயங்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது, பாருங்கள்!

போடிநாயக்கனூரில் வாழும் எனக்கு இத்தகைய பழம்பள்ளி ஒன்றைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊரின் மேற்கே ஏலமலைத் தொடர் சுவர்போல் எழுந்து நிற்கிறது. விடியற்காலையில் தோட்டத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டுப் பாதையில் வளைந்து வளைந்து ஏறும். அவை ஏறட்டும். நாம் மலையேறாமல், மலையை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு அடிவாரச் சாலையில் தெற்கு நோக்கிச் செல்வோம். சிலமலை, இராசிங்கபுரம், தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை என்று ஊர்கள் வரும். பண்ணைப்புரம் இளையராஜா பிறந்த ஊராதலால், அங்கே பேருந்து நின்றதும் மாணவர்கள் தாமாகவே பாடத் தொடங்கிவிடுவார்கள். கோம்பை என்றால் நாயின் பெயர் நினைவுக்கு வரும். அதற்கு அப்பால் உத்தமபாளையம்.

ஊரின் புறத்தே, கருப்பணசாமி கோயிலை ஒட்டி ஒரு பெரும்பாறை இருக்கிறது. அதன் முகத்தில் இரண்டு வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. சில நின்ற கோலம். சில அமர்ந்த கோலம். அவற்றின் அருகே வட்டெழுத்தில் பொறித்த கல்வெட்டுகள். இவ்விடத்தின் பழம்பெயர் திருக்குணகிரி. இங்கே சடையன் மாறன் என்னும் பாண்டியனின் பெயர் காணப்படுகிறது. அவனை இராசசிம்மன் என்று வரலாற்றாசிரியர் கொள்வர். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழன் முதற் பராந்தகனிடம் தோற்று, முடியையும் அணிகளையும் ஈழத்தில் விட்டுச் சென்றவன் அவனே. அவனுடைய பெரிய செப்பேடும் இதே பள்ளத்தாக்கில், அருகிலுள்ள சின்னமனூரில்தான் கிடைத்தது. பாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் மதுரையில் சங்கம் வைத்ததையும் கூறும் செப்பேடு அது. ஆகவே, ஏலமலையின் அடிவாரம் வரலாற்றின் ஓரத்தில் கிடந்த இடம் அன்று என்பது விளங்கும்.

இவ்வுருவங்களைக் கண்டறிவது எப்படி? பார்ப்பதற்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். தலைக்குமேல் பாம்பு படம் விரித்திருந்தால் அவர் இருபத்து மூன்றாம் தீர்த்தங்கரர் பார்சுவநாதர். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று குடைகள் கவிந்திருப்பது அருகனுக்குரிய முக்குடை. கால்களிலும் கைகளிலும் கொடி சுற்றிக்கொள்ள, அசையாமல் நிற்பவர் பாகுபலி. அவர் தீர்த்தங்கரர் அல்லர், தவத்தால் உயர்ந்த அரசிளங்குமரர். இவ்வளவு தெரிந்தால் போதும். தமிழ்நாட்டின் எந்தச் சமணக் குன்றிலும் நீங்கள் வாயடைத்து நிற்க வேண்டியதில்லை.

நான் இப்பாறையை முதன்முதல் கண்டது 1972-ஆம் ஆண்டில். அப்பொழுது எனக்கு வயது பதின்மூன்று. பள்ளிச் சுற்றுலாவாக வந்திருந்தோம். எங்களை அழைத்து வந்த ஆசிரியர் இவை பஞ்சபாண்டவர் உருவங்கள் என்று சொன்னார். எண்ணிப் பார்த்தோம், ஐந்துக்கு மேலிருந்தன. மிகுதி யார் என்று கேட்டோம். அவர் சினந்துகொண்டார். அன்று நான் செய்த காரியம் ஒன்று உண்டு. அதைப் பின்னர்ச் சொல்லுவேன்.

அந்த ஆசிரியரையும் குறை கூற முடியாது. நாடெங்கும் மக்கள் அவ்வாறே சொல்லி வந்தனர். குகைத்தளங்களில் வெட்டப்பட்ட கற்படுக்கைகளுக்குப் பஞ்சபாண்டவர் படுக்கை என்றே பெயர். பழனிக்கு அருகிலுள்ள சமணக் குன்றின் பெயர் ஐவர்மலை. இருந்தவர்கள் போய்விட்டார்கள், படுக்கைகள் மட்டும் கிடந்தன. கல்லில் படுத்தவர் யாராக இருக்கலாம் என்று எண்ணிய மக்கள், காட்டில் அலைந்த பாண்டவரை அங்கே படுக்க வைத்தனர்.

அப்படுக்கைகளைப் பார்க்க விரும்புவோர் எங்கள் ஊரிலிருந்து மதுரைச் சாலையில் செல்ல வேண்டும். ரயிலிலும் செல்லலாம். 1928-இல் போடிக்கு வந்த ரயில் பாதை 2010-இல் அகலப்பாதைப் பணிக்காக மூடப்பட்டது. 2023 ஜூனில்தான் ரயில் திரும்பி வந்தது. மதுரையை நெருங்கும்போது நாகமலை நீண்ட பாம்புபோல் உடன் ஓடிவரும். அப்பக்கத்தில் கொங்கர்புளியங்குளம் என்னும் சிற்றூரின் குன்றில் ஒரு குகைத்தளம். ஆள் படுக்கும் அளவில் பாறையை வழவழப்பாகச் செதுக்கி, தலைமாட்டில் சற்றே உயர்த்தித் தலையணையும் கல்லிலேயே வைத்திருக்கிறார்கள். அந்தத் தலையணையில் நான் தலை வைத்துப் பார்த்தேன். சித்திரை மாதத்து நண்பகல். வெளியே பாறை அனலாய்க் கொதித்தது. உள்ளே கல் குளிர்ந்திருந்தது. மெத்தைப் பழக்கமுள்ள முதுகுக்குக் கால்மணி நேரத்துக்குமேல் அது ஒத்துவரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நிலையாக ஓரிடத்தில் தங்கக்கூடாது என்னும் நோன்புடைய துறவிக்குப் படுக்கை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நல்ல வினா. சமணத் துறவி ஊர் ஊராக நடந்துகொண்டே இருக்க வேண்டியவர். ஆனால் மழைக்காலத்தில் புற்கள் முளைக்கும். புழுப்பூச்சிகள் நிலத்தில் ஊரும். நடப்பவர் காலடியில் அவை மடியும். ஆதலால் மழை மாதங்கள் நான்கிலும் அவர் ஓரிடத்தில் தங்கிவிட வேண்டும் என்பது விதி. அத்தங்கலுக்குத்தான் குகை. குகைவாயிலின் மேல்நெற்றியைப் பாருங்கள். நீண்ட பள்ளமாக ஒரு கோடு வெட்டப்பட்டிருக்கும். அதற்குக் காடி என்று பெயர். பாறைமேல் வழியும் மழைநீர் அந்தக் காடியில் தடுக்கப்பட்டு, உள்ளே ஒழுகாமல் வெளியே சொட்டிவிடும். ஓட்டு வீட்டின் இறவாரம் செய்யும் வேலையைப் பாறையில் ஒரு கோட்டால் செய்துவிட்டார்கள். பொறியியல் பயில்வோர் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இவற்றை வெட்டிக் கொடுத்தவர் யார்? அதுவும் கல்லிலேயே எழுதப்பட்டுள்ளது. மேலூர்ப் பக்கத்தில் மாங்குளம் அருகே மீனாட்சிபுரத்து மலையில் உள்ள எழுத்துகளை 1882-இல் இராபர்ட் சிவெல் கண்டறிந்தார். எழுத்து பிராமி, மொழி யாது என்பது விளங்கவில்லை. இத்தகைய குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்று 1924-இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். 1960-களில் ஐராவதம் மகாதேவன் மாங்குளத்து எழுத்தில் நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பெயரைப் படித்தார். காலம் கி.மு. இரண்டாம் நூற்றாண்டு என்பது அவர் துணிபு. அரசன் பெயரோடு வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவும் அங்கே குறிக்கப்படுகிறது. அழகர்மலைக் குகையிலோ உப்பு வணிகன், கொழு வணிகன், பொற்கொல்லன் என்று ஒரு கடைத்தெருவே வந்து நிற்கிறது. ஏலமும் மிளகும் கைமாறும் ஊரில் வாழும் எனக்கு இதைப் படித்தபோது உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. உப்பு விற்றவன் தன் இலாபத்தில் ஒரு பகுதியைத் துறவியின் படுக்கைக்குக் கொடுத்தான். கொடுத்ததை எழுதியும் வைத்தான். இரண்டாயிரம் ஆண்டு கழித்து அந்த எழுத்து, தமிழின் பழமைக்கே சான்றாகிவிட்டது.

இனி, பள்ளி என்பது குகையிலிருந்து வளர்ந்து கட்டடமும் மாணவர் கூட்டமும் உடைய நிறுவனமாகியதைக் காண, மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடிச் சமணர் மலைக்குச் செல்வோம். மலையடியில் ஐயனார் கோயில், அதன்முன் தாமரைக்குளம், விழுது விட்ட ஆலமரங்கள். ஒரு நாள் முழுவதும் அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போலிருக்கும்.

மலையின் தென்மேற்குப் பக்கத்தில் செட்டிப்புடவு என்னும் குகை. புடவு என்றால் குகை. வெளியே பெரிய தீர்த்தங்கரர் உருவம் ஒன்று அமர்ந்திருக்கிறது. நீண்ட காதுகளைக் கண்ட ஊரார், கடுக்கன் அணிந்து காது வளர்த்த செட்டியார் இவர் என்று கொண்டு குகைக்கு அப்பெயரை வைத்துவிட்டனர். உள்ளே குகையின் கூரைவளைவில் ஐந்து சிற்பங்கள். முதலாவதில் ஓர் இயக்கி சிங்கத்தின்மேல் ஏறி வில்லை வளைக்கிறாள். எதிரே யானைமேல் ஒரு வீரன். கொல்லாமையை உயிராகக் கொண்ட சமயத்தின் குகையில் இத்தனை வீறுடைய போர்க்காட்சியா என்று வியப்புத் தோன்றும். அடுத்து முக்குடையின்கீழ் மூன்று தீர்த்தங்கரர். இறுதியில் மற்றோர் இயக்கி.

கிழக்குச் சரிவில், படிகள் வழியே ஏறினால் பேச்சிப்பள்ளம். ஒரு சுனை, அதன் அருகே பாறையில் வரிசையாக எட்டு உருவங்கள். பாகுபலி, பார்சுவநாதர் முதலியோரை இப்போது நீங்களே கண்டுகொள்வீர்கள். ஒன்றன்கீழ் உள்ள வட்டெழுத்து, அச்சணந்தி என்பவரின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி அது என்று கூறுகிறது.

இந்த அச்சணந்தி யார் தெரியுமா? ஒன்பது, பத்தாம் நூற்றாண்டு அளவில் வாழ்ந்த சமண முனிவர். உத்தமபாளையத்தில் அவர் பெயர் உண்டு, கொங்கர்புளியங்குளத்தில் உண்டு, ஆனைமலை, அழகர்மலை, கருங்காலக்குடி, ஐவர்மலை ஆகியவற்றில் உண்டு, தெற்கே குமரி மாவட்டத்துச் சிதறாலிலும் உண்டு. ஏலமலையடிவாரம் முதல் குமரி வரை அவர் பெயர் குன்றுதோறும் கிடக்கிறது. வீட்டையும் உறவையும் விட்டுச் சென்ற மகன். அவருடைய தாய் ஒரு திருமேனி செய்விக்கும்போது தம்மை இன்னாருக்கு மனைவி என்றோ இன்னார் மகள் என்றோ கூறிக்கொள்ளவில்லை. அச்சணந்தியின் தாய் என்றார். இந்த ஒரு வரியை வகுப்பில் படித்துக் காட்டும்போது, பின் வரிசையில் பேசிக்கொண்டிருப்பவரும் பேச்சை நிறுத்திவிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

பேச்சிப்பள்ளத்திற்கு மேலே ஏறினால் ஒரு கட்டடத்தின் அடித்தளம் மட்டும் எஞ்சியிருக்கிறது. அதுதான் மாதேவிப் பெரும்பள்ளி. பராந்தக வீரநாராயண பாண்டியன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், அவன் அரசியான வானவன் மாதேவியின் பெயரால் எழுந்தது. கதவில்லை, சுவரில்லை, வானமே கூரை. மலையுச்சியில் விளக்கேற்றும் தூண் ஒன்றும், அதனருகே பாறையில் கன்னடக் கல்வெட்டு ஒன்றும் உள்ளன. அங்கு நின்று கிழக்கே நோக்கினால் மதுரை தெரியும். இங்கிருந்தோர்க்குக் கன்னட நாட்டோடும் போக்குவரத்து இருந்தது என்பதற்கு அக்கல்வெட்டே சான்று.

இப்பள்ளியின் ஆசிரியர் பரம்பரையைக் கல்வெட்டுகள் வகுப்பேடு போலத் தருகின்றன. அருப்புக்கோட்டைப் பக்கத்துக் குறண்டியில் திருக்காட்டாம்பள்ளி என்னும் பெரும்பள்ளி இருந்தது. அங்கே அட்டோபவாசி படாரர் என்று ஒருவர். பல நாள் உண்ணாநோன்பு நோற்றமையால் வந்த பெயர். அவர் மாணாக்கர் குணசேனதேவர். இவர் சமணர் மலைப் பள்ளிக்குத் தலைவராக இருந்தார். அவர் மாணாக்கர் கனகவீரப் பெரியடிகள். ஒவ்வொருவரும் தம் பெயருக்கு முன் தம் ஆசிரியர் பெயரைச் சொல்லுகிறார்கள். தந்தை பெயர் வர வேண்டிய இடத்தில் ஆசிரியர் பெயர் வருகிறது. கழுகுமலைக்குச் சென்றால் இன்னும் ஒரு புதுமை. அங்கே குரத்தியார் எனப்பட்ட பெண் துறவியர் ஆசிரியராக விளங்கியதும், அவர்களுக்கு மாணாக்கியரும் மாணாக்கரும் இருந்ததும் எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளால் தெரிகின்றன. பெண்கல்வி நமக்கு வெளிநாட்டார் கற்றுக்கொடுத்த பாடம் என்று மேடையில் முழங்குவோரைக் கழுகுமலைக்கு ஒருமுறை அழைத்துச் செல்ல வேண்டும்.

கல்வெட்டுகளின் காலத்தை எவ்வாறு உறுதி செய்கிறார்கள் என்று கல்லூரி மாணவர் கேட்பது வழக்கம். பாண்டியர் கல்வெட்டுகள் பெரும்பாலும் அரசனின் ஆட்சியாண்டை மட்டும் தரும். அது எந்த நூற்றாண்டு என்று தெரியாது. ஐவர்மலையில் உள்ள சமணக் கல்வெட்டு ஒன்று வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டையும் சக ஆண்டு 792-ஐயும் சேர்த்துக் கூறுகிறது. சக ஆண்டோடு 78-ஐக் கூட்டினால் கி.பி. 870 வரும். ஆகவே வரகுணன் 862-இல் ஆட்சிக்கு வந்தான் என்று கணக்கிட்டுவிடலாம். சாந்திவீரக் குரவர் என்னும் துறவி பார்சுவநாதர் திருவுருவைப் புதுப்பித்து, வழிபாட்டிற்கும் துறவியர் உணவிற்கும் 505 காணம் பொன் வைத்ததைச் சொல்ல வந்த கல்வெட்டு அது. முற்காலப் பாண்டியர் ஆய்வுக்கே அச்சாணியாகப் போகிறோம் என்று அவர் கனவிலும் கருதியிருக்கமாட்டார்.

இக்காலக் கணக்கு மற்றொரு பிழையையும் திருத்துகிறது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மதுரைக்கு வந்தார், கூன்பாண்டியன் சைவனானான், எண்ணாயிரம் சமணர் கழுவேறினர், அத்தோடு பாண்டிநாட்டில் சமணம் முடிந்தது என்று நாம் படித்திருக்கிறோம். பெரியபுராணம் கூறும் செய்தி அது. ஆனால் அதற்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் மதுரைக்கு அருகே பாண்டிமாதேவியின் பெயரால் பள்ளி எழுகிறது. திருக்குணகிரியில் திருமேனிகள் செதுக்கப்படுகின்றன. ஏட்டை மட்டும் படித்தால் ஒரு வரலாறு. ஏட்டோடு கல்லையும் படித்தால் வேறொரு வரலாறு. நானும் பல ஆண்டுகள் ஏட்டை மட்டும் பாடம் நடத்தினேன். அம்மாணவர்களிடம் இப்போது மன்னிப்புக் கேட்கத்தான் முடியும்.

பிறகு அவர்கள் எங்கே போனார்கள்? ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. பாண்டியர் ஆட்சி சரிந்தது. அரசரின் கொடை வேறு திசையில் திரும்பியது. பக்தி இயக்கத்தின் கோயில்கள் ஊரின் நடுவில் உயர்ந்தன. பள்ளிகள் மெல்ல மெல்ல ஓய்ந்தன. தமிழ்ச் சமணர் இன்றும் வந்தவாசி, திண்டிவனம், செஞ்சிப் பகுதிகளில் வாழ்கின்றனர்; மேல்சித்தாமூரில் அவர்களுடைய மடம் உள்ளது. பாண்டிநாட்டுக் குன்றுகளில் மட்டும் உருவங்கள் தனித்து நின்றன. பேச்சியும் ஐயனாரும் கருப்பணசாமியும் அவற்றிற்கு அண்டைவீட்டார் ஆயினர்.

மேலைநாட்டிலும் இத்தகைய காட்சி உண்டு. போர்ச்சுகல் நாட்டில் அல்கோபாசா என்னும் ஊரில் 1153-இல் நிறுவப்பெற்ற கிறித்தவத் துறவிமடம் ஒன்று உள்ளது. அங்கிருந்த துறவியர் 1269-இல் பொதுமக்களுக்கும் வகுப்பு நடத்தினர் என்பர். அங்கே பள்ளி ஓய்ந்தது மெல்ல அன்று. 1834-ஆம் ஆண்டு மே மாதத்தில் அரசு ஒரே ஆணையால் ஆடவர் துறவிமடங்கள் அனைத்தையும் கலைத்துவிட்டது. பிராகா நகரை அடுத்த திபாயிஷ் மடம் பின்னர் ஏலம் விடப்பட்டுத் தனியார் கைக்குப் போயிற்று. பாழடைந்த நிலையில் 1986-இல் அரசே அதை விலைக்கு வாங்கிச் செப்பனிட்டது. அல்கோபாசா 1989 முதல் உலக மரபுச் சின்னம். விற்றதை ஓர் அரசு நூற்றாண்டு கடந்து மீண்டும் விலை கொடுத்து வாங்கிய செய்தியை நான் படித்தபோது நம் குன்றுகளின் நினைவு வந்தது. கட்டடம் இடிந்தால் அடுக்கிவிடலாம். குன்றை வெட்டிக் கல்லாக ஏற்றிவிட்டால் அதை யாரிடமிருந்து திரும்ப வாங்குவது?

இது வெறுங்கற்பனை அன்று. மதுரை மாவட்டத்தில் கருங்கல்லுக்காக வெட்டப்பட்ட குன்றுகள் பல. சமணர் மலைப் பக்கத்திலும் வெடிச்சத்தம் கேட்டதுண்டு. கீழக்குயில்குடி மக்கள் எதிர்த்து நின்று அதை நிறுத்தினர். பிராமிக் கல்வெட்டும் சமணச் சிற்பமும் உள்ள அரிட்டாபட்டியும், மாங்குளத்துக் கல்வெட்டுகள் உள்ள மீனாட்சிபுரமும் சேர்ந்து 2022-இல் தமிழ்நாட்டின் முதற் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டன. அதன் பின்னும் 2024-இல் அப்பகுதியை உள்ளடக்கிய நிலத்தில் டங்ஸ்டன் எடுப்பதற்கு ஏலம் நடந்தது. ஊரார் திரண்டனர், சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது, 2025 ஜனவரியில் நடுவண் அரசு ஏலத்தை நீக்கியது.

கீழக்குயில்குடி என்னும் ஊர்ப்பெயர் கல்வெட்டிலேயே வருகிறது. அமிர்தபராக்கிரம நல்லூராகிய குயிற்குடி ஊரார் பெயரால் கனகவீரப் பெரியடிகள் ஒரு திருமேனி செய்வித்தார் என்று அது கூறுகிறது. இறுதியில், இது பள்ளியின் சிவிகை சுமப்போர் பாதுகாப்பில் என்று முடிகிறது. அரசன் பாதுகாப்பு என்று எழுதவில்லை. படைத்தலைவன் பாதுகாப்பு என்று எழுதவில்லை. பல்லக்குச் சுமந்தவர்களை நம்பி ஒப்படைத்தார்கள். ஆயிரம் ஆண்டு கழித்து வெடிமருந்துக்கு எதிரே நின்றவரும் அதே குயிற்குடியில் ஆடு மேய்ப்போரும் கூலி வேலை செய்வோரும்தாம்.

சென்ற ஆண்டு கார்த்திகையில் எங்கள் ஊர் மாணவர் சிலரை உத்தமபாளையத்திற்கு அழைத்துச் சென்றேன். வட்டெழுத்து அட்டவணையைப் படியெடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்திருந்தேன். பாண்டிநாட்டில் தமிழ் நெடுங்காலம் வட்டெழுத்திலேயே எழுதப்பட்டது. சோழர் ஆட்சி வந்தபின்தான் இன்றைய தமிழெழுத்தின் முன்வடிவம் அங்கே பரவியது. பிள்ளைகள் பாறைமுன் அமர்ந்து, ஓர் எழுத்தை அட்டவணையில் தேடிக் கண்டுபிடிப்பதும் கூச்சலிடுவதுமாக இருந்தனர். ஒருவன் மட்டும் பாறையின் ஓரமாகச் சென்றிருந்தான்.

"ஐயா, இங்கே இரண்டெழுத்து இருக்கிறது. இதற்கு அட்டவணையே வேண்டாம், நானே படித்துவிட்டேன்" என்றான்.

அருகே சென்று பார்த்தேன். ஆணியை வைத்துக் கல்லால் தட்டி வெட்டிய இரண்டு எழுத்துகள், கீழே 1972. ஐம்பது ஆண்டு மழை அதை ஒன்றும் செய்யவில்லை. நல்லவேளையாகத் திருமேனி எதிலும் படாமல், ஒரு முழத் தொலைவில் இருந்தது. அன்று என்னோடு வந்தவர்கள் அதைப் பார்த்துக் கை தட்டினார்கள் என்பதும், ஊர் திரும்பும்வரை நான் பெருமையோடு இருந்தேன் என்பதும் நினைவுக்கு வந்தன.

"யார் எழுதியது, ஐயா?"

"நான்தான், தம்பி" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. மற்றவர்களைக் கூப்பிடவும் இல்லை. என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தான். பிறகு கையேட்டைத் திறந்தான். அச்சணந்தி, அரிட்டநேமி என்று எழுதி, எதிரே அவர்கள் செய்வித்தது இன்னது என்று குறித்திருந்த பட்டியலின் அடியில் என் இரண்டெழுத்தையும் ஆண்டையும் எழுதிக்கொண்டான். எதிரே உள்ள இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டான்.

ஒன்றும் எழுத வேண்டாம், அப்படியே விடு என்று சொன்னேன். கோம்பை வழியாகப் போடிக்குச் செல்லும் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. பிள்ளைகளை எண்ணி ஏற்றினேன்.